எடுப்பார் கைப்பிள்ளையா தமிழ்?

தமிழ்மன்றம் ஒன்றன் கூட்டக் குறிப்பில் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்க: “ஊர்தோறும் தமிழ்வழிப் பள்ளி தொடங்க உரிய முயற்சிகளை எடுப்பது என்று கூட்டத்தில் முடிவு எடுக்கப்பட்டது. அதற்கான பொறுப்பைச் செயலாளர் எடுத்துக்கொண்டார்.” வடசொல் தேடுவார்க்கு இதில் ஒன்றும் அகப்படாது. ஆங்கிலச் சொல் தேடுவார்க்கும் அவ்வாறே. மன்றத்தார் மகிழ்ந்து கையெழுத்திடுவர். ஆயினும் அக்குறிப்பில் மூன்றிடத்து ஆங்கிலம் அமர்ந்திருக்கின்றது. தமிழுடை உடுத்து அமர்ந்திருத்தலால் எவர் கண்ணுக்கும் அது புலப்படவில்லை.

“முயல்வது என்று கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டது. அப்பொறுப்பைச் செயலாளர் ஏற்றார்” என எழுதினால் எஞ்சியது யாது? ஒன்றுமில்லை. முயல்வார், முடிவு செய்வார், ஏற்பார் என நின்ற மூவரும் ‘எடுப்பார்’ என்னும் ஒரே பெயரைப் பெற்றது எவ்வாறு என்பதே இங்கு ஆராய்தற்குரியது. அதற்கு விடை ஆங்கிலத்தில் ‘டேக்’ எனப்படும் ஒரு சின்னஞ்சிறு வினையில் உள்ளது. டகரம் தமிழில் மொழிமுதலாகாது என்பதை இதழ் படிப்போர் அறிவர். பேசப்படும் பொருளே அச்சொல் ஆகலின் இங்கு அதனை அவ்வாறே எழுத நேர்ந்தது.

ஆங்கிலேயன் அவ்வொரு வினையால் செய்யாத வேலை இல்லை. மேசைமேல் உள்ள நூலை அவன் ‘டேக்’ செய்கின்றான். பகைவன் கோட்டையையும், மருத்துவன் தந்த மாத்திரையையும், ஊருக்குப் போகும் பேருந்தையும் அதே வினையால் செய்கின்றான். பத்திலிருந்து நான்கைக் கழிப்பதும், கையூட்டு வாங்குவதும், அறிவுரை கேட்பதும், அடி தாங்குவதும், காய்ச்சலின் சூட்டை அளப்பதும், சொற்பொழிவைக் குறித்துக்கொள்வதும், இருக்கையில் அமர்வதும் அவனுக்கு ‘டேக்’தான். துணியில் சாயம் பிடித்தாலும் ஒட்டுச்செடி வேர்பிடித்தாலும் அதுவே. பின்னொட்டுச் சொல் ஒன்று சேர்ந்துவிட்டாலோ பொருள் மேலும் விரியும். ‘டேக் ஆஃப்’ என்றால் சட்டையைக் கழற்றுதலும் ஆகும், வானூர்தி மேலெழுதலும் ஆகும். ‘டேக் ஆஃப்டர்’ என்றால் தந்தையின் சாயலில் பிள்ளை இருத்தல். ‘டேக் இன்’ என்றால் வீட்டில் இடந்தருதலும் ஏமாற்றுதலும் ஆகிய இரண்டுமாம்!

1755 இல் சாமுவேல் சான்சன் வெளியிட்ட ஆங்கில அகரமுதலியில் இவ்வொரு வினைக்கு 134 பொருள் வரையறைகள் உள்ளன. அவை ஏறத்தாழ 8,000 சொற்களாய் 5 பக்கங்களை நிரப்பின. 1928 இல் முற்றுப்பெற்ற ஆக்சுபோர்டுப் பேரகரமுதலியில் இச்சொல் அடங்கிய பகுதி அதன் தலைமைப் பதிப்பாசிரியர் மர்ரே அவர்களின் பங்காக வந்தது. நிறைவைக் காணாமலே 1915 இல் அவர் மறைந்தார். இவ்வினைக்கு உடன்பிறப்புகளும் உண்டு. அவ்வகரமுதலியின் 1989 ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் வினை 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. பின்னர்த் திருத்திய பதிப்பிற்கு ‘ரன்’ என்னும் வினையை ஆய்ந்தபோது அதன் பொருள்கள் 645 ஆயின. அவ்வொரு சொல்லுக்காகப் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் ஒன்பது திங்கள் உழைத்தார். ஆங்கிலத்தில் ஆழ்ந்த புலமை வேண்டுவோர் கடுஞ்சொற்களை மனப்பாடம் செய்கின்றனர். அம்மொழியின் முழு ஆற்றலோ இத்தகைய ஓரசைச் சொற்களில்தான் அடங்கிக் கிடக்கின்றது.

இத்தனை வலிமையுடைய ‘டேக்’ ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை அன்று என்பது பலர் அறியாத செய்தி. பழைய ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு வழங்கிய வினை ‘நிமன்’ என்பது. செருமானியர் இன்றும் ‘நேமன்’ என்கின்றனர், ஆலந்தர் ‘நேமென்’ என்கின்றனர். ஆங்கிலேயனிடம் மட்டும் அது இல்லை. 865 இல் பெரும்படையோடு வந்திறங்கிய வடபுலத்து தேனியர் கொள்ளையோடு நில்லாது ஆங்கில நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்தனர். 1016 இல் அவர்தம் மன்னன் கனூட்டு ஆங்கில அரியணையே ஏறினான். அவர்கள் பேச்சில் இருந்த வினை ‘தாகா’. தொடுதல், பற்றுதல் என்பது அதன் தொடக்கப் பொருள். அதனோடு உறவுடைய பழங்கோத்திய மொழிச்சொல் தொடுதலையே குறித்தது. 11 ஆம் நூற்றாண்டில் அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகின்றது. பிறகு மூன்று நான்கு நூற்றாண்டுகள் இரண்டும் ஒரே ஊரில் ஒரே வாயில் வழங்கின. இறுதியில் வந்த சொல் நின்றது, இருந்த சொல் ஒழிந்தது.

ஒழிந்த வகையும் அறியத்தக்கது. அரசன் முதல் உழவன் வரை வழங்கிய ‘நிம்’ என்னும் வினை படிப்படியே தாழ்ந்து, கடைசியில் திருடர் பேச்சில் ‘களவாடு’ என்னும் பொருளில் மட்டும் உயிர்வைத்திருந்தது. சேக்சுபியர் தம் நாடகத்தில் ஒரு திருட்டுப் படைவீரனுக்கு ‘நிம்’ என்றே பெயரிட்டார். ஐந்தாம் என்றி என்னும் நாடகத்தில் அவன் களவுக்காகத் தூக்கிலிடப்பட்டதாகச் செய்தி வருகின்றது. இன்று குளிரால் மரத்துப்போன விரலை ஆங்கிலேயன் ‘நம்’ என்கின்றானே, அச்சொல் அப்பழைய வினையின் எச்சம். உணர்வு பறிக்கப்பட்டது என்பது அதன் பொருள். தன் மூதாதையரின் தாய்வினை தன் மரத்த விரலில் ஒட்டிக்கொண்டிருப்பதை அவன் அறியான்.

‘நிமன்’ என்னும் சொல்லைத் தடைசெய்து எந்தத் தேனிய மன்னனும் ஆணையிட்டதில்லை. சந்தையிலும் வயலிலும் அடுக்களையிலும் இரு வீட்டாரும் கலந்து பேசியபோது அது நடந்தது. பெயர்ச்சொல் கடன் பெறுவது வேறு, வினைச்சொல் கடன் பெறுவது வேறு. பெயர் வாயிற்படியில் நிற்கும்; வேண்டாவெனில் அதனை அனுப்பிவிடலாம். வினை உள்ளே புகுந்து அடுப்பு மூட்டிவிடும். தமிழ்நாட்டில் ‘பசு’ எனப்பட்ட வண்டி பேருந்து ஆயிற்று, ‘காலேசு’ கல்லூரி ஆயிற்று. இவை பெருவெற்றிகளே. ஆனால், “பேருந்தை எடுத்துப் போனார், கல்லூரியில் வகுப்பு எடுத்தார்” என்று எழுதும்போது, பெயர்களை மீட்ட கை வினைகளைக் கோட்டை விடுகின்றது. எண்ணிப் பார்க்கின், “பசுவில் ஏறிக் காலேசுக்குப் போய்ப் பாடம் நடத்தினார்” என்று சொல்லும் கல்லாதவரின் பேச்சில் இதனினும் தமிழ் மிகுதியாக உள்ளது. இவ்வுண்மை தனித்தமிழ் அன்பர்க்குக் கசப்பாக இருக்கலாம்.

இங்கு நடப்பது நேரான கடனும் அன்று. ‘டேக்’ என்னும் ஒலி தமிழில் நுழையவில்லை. அதன் பொருட்பரப்பு முழுதும் ‘எடு’ என்னும் நல்ல தமிழ் வினையின் தலைமேல் ஏற்றப்படுகின்றது. இதன் தோற்றுவாய் தொடக்கப்பள்ளி வகுப்பறை. ஆங்கில வினைகளை நெட்டுருச் செய்யும் சிறுவனுக்கு “டேக் என்றால் எடு” என்று ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாகப் புகட்டப்படுகின்றது. 134 பொருளில் ஒன்றைக் கற்ற அச்சிறுவன், வளர்ந்து செய்தியாளனாகவும் அலுவலனாகவும் ஆகும்போது எஞ்சிய 133 இடத்தும் அவ்வொன்றையே பெய்கின்றான். இப்போது கணிப்பொறியும் கைப்பேசியும் நொடிப்பொழுதில் மொழிபெயர்த்துத் தருகின்றன. மக்கள் எழுதிய பிழையையே அவை படித்துக் கற்றனவாகலின், பிழை பன்மடங்காய்த் திரும்பி வருகின்றது.

இதனால் என்ன கேடு என்று வினவுவார் உளர். மருந்துச் சீட்டைக் காண்க. “நாளுக்கு இருமுறை எடுத்துக்கொள்ளவும்” என்று அச்சிடுகின்றனர். தமிழில் மாத்திரையை விழுங்குவர், சிலவற்றை மெல்லுவர், சிலவற்றை நாவின்கீழ் அடக்கிக் கரைப்பர். குடிநீரைக் குடிப்பர், இளகத்தை உண்பர், சூரணத்தைத் தேனில் குழைத்து நக்குவர். ஒவ்வொரு வினையும் மருந்தைச் செலுத்தும் முறையைத் தானே சொல்லிவிடும். ஆங்கிலேயன் அவ்வேறுபாட்டை வேறு சொல் சேர்த்துத்தான் உணர்த்த வேண்டும். தமிழ் தன்னிடம் இருந்த கூர்மையை வீசிவிட்டு அவனுடைய மொண்ணைக் கத்தியைக் கடன் வாங்குகின்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதியவள் ஒருத்திக்கு ‘மென்று விழுங்குக’ என்பது கட்டளை. ‘எடுத்துக்கொள்க’ என்பது என்ன?

மற்றொன்று, வலிய வினைகள் வழக்கொழிதல். ‘முயன்றான்’ என்னும் ஒரு சொல் போய் ‘முயற்சி எடுத்தான்’ என இரு சொல் வந்தது. பயின்றான் என்பது ‘பயிற்சி எடுத்தான்’ ஆயிற்று. நீராடினான், குளித்தான் என்பன ‘குளியல் எடுத்தான்’ என்றும், இளைப்பாறினான் என்பது ‘ஓய்வு எடுத்தான்’ என்றும் ஆயின. உறுதி கூறினான் என்பது ‘உறுதிமொழி எடுத்தான்’ ஆயிற்று. துணிதல் என்னும் வினை ஒருகாலத்தில் ஆராய்ந்து முடிவு செய்தலைக் குறித்தது. உரையாசிரியர்கள் ‘என்பது துணிபு’ என்று எழுதினர். இன்று துணிவு என்றால் அஞ்சாமை மட்டுமே பலர்க்குத் தெரியும். முடிவு செய்தலாகிய வேலையை அதனிடமிருந்து பறித்து ‘எடு’வுக்குக் கொடுத்தாயிற்று. ‘நிமன்’ என்னும் வினை தாழ்ந்து தேய்ந்த வழியில் இது முதற்படி அன்றோ?

சிரிப்புக்கிடமானதும் உண்டு. வந்தவரை ஆங்கிலேயன் அமரச் சொல்வதும் ‘டேக்’ என்னும் வினையாலேதான். அதனை மட்டும் எவரும் “இருக்கையை எடுங்கள்” என்று மொழிபெயர்ப்பதில்லை. அவ்வாறு சொன்னால் விருந்தினர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிற்பார் என்பது விளங்குகின்றது. கண்ணுக்குத் தெரியும் பொருளில் அறிவு விழித்திருக்கின்றது. முயற்சி, முடிவு, பொறுப்பு எனக் கண்ணுக்குத் தெரியாப் பொருள் வந்தவுடன் உறங்கிவிடுகின்றது.

ஆங்கிலம் பேசுவோரே இதில் ஒருமைப்பட்டவர் அல்லர். முடிவை இலண்டன்காரன் ‘எடுக்கின்றான்’, அமெரிக்கன் ‘செய்கின்றான்’. செருமானியனோ அதனைச் ‘சந்திக்கின்றான்’. தேர்வை அமெரிக்க மாணவன் எடுக்கின்றான். இங்கிலாந்து மாணவன் அதற்கு ‘அமர்கின்றான்’. இந்தி பேசுவோன் ‘கொடுக்கின்றான்’. தமிழ் மாணவன் எழுதுகின்றான். அதுவே அவன் செய்யும் வேலை. நல்ல வேளையாகத் தேர்வு எழுதுதல் இன்னும் பெரும்பாலும் எழுதுதலாகவே உள்ளது. ஆசிரியர் செய்வதுதான் கெட்டுவிட்டது. முன்னாளில் ஆசிரியர் பாடஞ் சொன்னார், மாணாக்கர் பாடங் கேட்டார். உ.வே.சாமிநாதர் மீனாட்சிசுந்தரரிடம் பாடங் கேட்டார் என்றே வரலாறு வழங்கும். இன்று ஆசிரியர் ‘பாடம் எடுக்கின்றார்’. எங்கிருந்து எங்கே எடுக்கின்றாரோ!

இவ்வளவு சொன்னமையால் ‘எடு’ என்னும் வினையைக் கண்ட இடமெல்லாம் அடித்துவிடத் தோன்றுமாயின் அது பெரும்பிழை. அப்பிழையைச் செய்வோரும் இவ்வணியில் இல்லாமல் இல்லை. எடு என்பது பழந்தமிழ் வினை. உயர்த்துதல், தூக்குதல், வெளிக்கொணர்தல், கிளர்தல் என்பன அதன் பொருள்கள். இலக்கணத்தார் எடுத்தல், படுத்தல், நலிதல் என ஓசையை வகுத்தனர். எடுத்தோத்து என்பது உரையாசிரியர் சொல். எடுத்துக்காட்டு உவமை என்றே ஓர் அணி உண்டு. படையெடுத்தல், விழா எடுத்தல், குரலெடுத்துப் பாடுதல், களையெடுத்தல், தலையெடுத்தல், பெயரெடுத்தல், பசியெடுத்தல், பாம்பு படமெடுத்தல், அந்த ஊரில் பெண்ணெடுத்தல் ஆகிய யாவும் ஆங்கிலேயன் கப்பலேறும் முன்னரே இம்மண்ணில் வழங்கியவை, அல்லது அவற்றின் வழியில் தாமே முளைத்தவை. ஏதேனும் ஒன்று உயர்கின்றதா, உள்ளிருந்து வெளிவருகின்றதா, ஒன்றிலிருந்து பிரிகின்றதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். களை நிலத்திலிருந்து வருகின்றது, பசி உள்ளிருந்து கிளர்கின்றது. முடிவும் பொறுப்பும் எங்கிருந்தும் தூக்கப்படவில்லை. இவ்வளவுகோல் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும் என்பதற்கில்லை, பத்தில் எட்டுக்கு உதவும்.

‘டேக்’ என்பதற்கு உண்மையில் இணையான தமிழ்வினை வேண்டுமெனில் அது ‘கொள்’ என்பதே. அதன் ஆட்சியை நோக்குவார் வியப்பர். உட்கொள்ளுதல், மேற்கொள்ளுதல், கைக்கொள்ளுதல், ஆட்கொள்ளுதல், எதிர்கொள்ளுதல், கருத்திற்கொள்ளுதல் என்பன ஒரு பக்கம். கொள்முதல், கொள்கலம், கொள்கை, கொள்ளை, கொண்டான் என்னும் பெயர்கள் மறுபக்கம். சிற்றூர்களில் கொள்வினை கொடுப்பினை என்னும் பேச்சு இன்றும் உள்ளது. ஒன்றைத் தூக்கிப் போதலைத் தமிழர் கொண்டுபோதல் என்கின்றனர். ஆங்கிலேயன் அங்கும் ‘டேக்’ என்பான். வினை செயப்படுபொருளை ‘டேக்’ செய்யும் என்பது ஆங்கில இலக்கணத்தார் வழக்கு. எழுவாய் பயனிலை கொள்ளும், எச்சம் பெயர்கொண்டு முடியும் என்பது தமிழ் இலக்கணத்தார் வழக்கு. எவரும் எவரையும் பார்த்து எழுதவில்லை. இரு மொழியும் தத்தம் வழியே சென்று ஓரிடத்தில் சந்தித்தன. இப்படியிருக்க, இக்காலப் பாடநூல் எழுதுவார் சிலர் “இவ்வினை செயப்படுபொருளை எடுக்கும்” என்று எழுதுவது, வீட்டில் நெய்யிருக்க வெண்ணெய்க்கு அலைவதினும் கீழானது. “தவறாக எடுத்துக்கொள்ளாதீர்” என்பதும் அத்தகையதே. தவறாகக் கொள்ளாதீர் என்றால் போதும்.

தருதல், கொள்ளுதல் என்னும் துறையில் தமிழின் நுட்பம் பழையது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாய் வரும் என்று தொல்காப்பியம் எச்சவியலில் பகுக்கின்றது. அவ்வேற்றத்தாழ்வு இன்று வேண்டா. ஆயினும் ஒரு செயலைக் குறிக்க மூன்று வினைகளை ஆய்ந்து ஆண்ட மொழியில், பதினைந்து செயலுக்கு ஒரு வினை போதும் என்னும் நிலை வருதல் தாழ்வே.

ஆங்கிலமும் இப்படித்தானே வளர்ந்தது என்று சிலர் எதிர்வாதம் கூறுவர். உண்மை. நார்மானியர் வந்த பின்னர்ப் பிரெஞ்சுத் தொடர்களை அச்சாக வைத்து ஆங்கிலத்தார் ‘டேக்’ சேர்ந்த தொடர்கள் பலவற்றை வார்த்தனர். பங்குகொள்ளுதலைக் குறிக்கும் ‘டேக் பார்ட்’ அவற்றுள் ஒன்று. ஆனால், தேனியர் மொழி ஆங்கிலத்துக்கு உடன்பிறந்தாள், பிரெஞ்சு தொலைவிலேனும் ஒரு குடும்பத்தாள். தமிழுக்கு ஆங்கிலம் எவ்வகையிலும் உறவினள் அல்லள். அன்றியும், பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லப் பெற்ற 134 பொருளை ஒரு தலைமுறையில் ஒரு தமிழ்வினைமேல் சுமத்தினால் அது தாங்காது முரியும்.

ஈழத்து இதழ்களில் “விபத்து இடம்பெற்றது” என்று எழுதும் வழக்கும் இவ்வினையின் கைவரிசையே. ‘டேக் பிளேசு’ என்னும் தொடர் அங்கே சொல்லுக்குச் சொல் இறங்கியது. தமிழில் இடம்பெறுதல் என்பது ஒரு பட்டியலிலோ அவையிலோ சேர்க்கப்பெறுதல். நேர்ச்சிகள் நிகழும், நேரும், நடக்கும். மொழிக்காக மிகுதியும் துன்புற்ற மக்களின் எழுத்தாகலின் இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை, நினைவூட்டலாகச் சொல்லப்படுகின்றது. தமிழ்நாட்டார் “மூன்று மணி நேரம் எடுக்கும்” என்று எழுதிக்கொண்டே பிறரைத் திருத்தப் புகுதல் அழகன்று. மூன்று மணி நேரம் ஆகும், அல்லது பிடிக்கும்.

இனி விட்டுவிடத்தக்கன சில. ஒளிப்படம் எடுத்தல் என்பது கருவியோடு வந்த சொல். படம் பிடித்தல் என்பது அதனினும் நன்று. ஆயினும் முன்னதை அடியோடு களைதல் இயலாது, பெரிய தீங்கும் இல்லை. ‘விடுப்பு எடுத்தல்’ என்பதற்கு ‘விடுப்பில் இருத்தல்’ எல்லா இடத்தும் பொருந்துவதில்லை. விடுப்புக் கேட்டல், விடுப்புப் பெறுதல் என்பன அலுவலகத் தாளுக்குப் போதும். “நாளை விடுப்பு எடுக்கப் போகின்றேன்” என்று தோழனிடம் சொல்பவனுக்கு இன்னும் நல்ல தொடர் கிடைக்கவில்லை. வாடகைக்கு எடுத்தல், ஏலத்தில் எடுத்தல் என்பன பேச்சிலேயே ஊறியவை, அவற்றைத் தொடவேண்டா. முடிவு, முயற்சி, பொறுப்பு, உறுதி, பயிற்சி, பாடம், மருந்து, நேரம் ஆகிய இவ்வெட்டையும் முதலில் மீட்கலாம். மன்றங்கள் அடுத்த கூட்டக் குறிப்பை அச்சுக்கு அனுப்புமுன், அயற்சொல் உள்ளதா என்று பார்த்த கண்ணாலேயே ‘எடு’ எத்தனை இடத்தில் உள்ளது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.